ஸ்காட்லாந்துக்கு ஒரு வெள்ளோட்டம்

கத்தரி வெயில் கொளுத்திய ஒரு காலை. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக் வாசலில் நான் நிற்கிறேன். உடம்பில் முழங்காலுக்குக் கீழே தொங்கும் கம்பளிக் கோட்டு, கழுத்தில் சாமந்தி மாலை. எதிரே இருபது, இருபத்தைந்து பேர். பாதிப் பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். வேனின் முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அப்பா மட்டும் அழவில்லை. அவர் கையில் ஒரு அட்டை, அட்டையில் கிளிப் போட்ட ஒரு தாள், காதில் பென்சில்.

நான் ஸ்காட்லாந்துக்குப் போகிறேன் என்று நினைத்து அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். உண்மையில் நான் மீனம்பாக்கம் வரை போய்விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பி வருவதாக ஏற்பாடு. இது எனக்கும், அப்பா அம்மாவுக்கும், வேன் ஓட்டிய கஜேந்திரனுக்கும் மட்டும்தான் தெரியும்.

சென்ற வாரம் நான் பிணவறை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வாசகி ஒருவர், "காலையில் இட்லி சாப்பிடும்போது படிக்கிற மாதிரி ஏதாவது எழுதக் கூடாதா?" என்று கேட்டிருந்தார். அம்மணி, இந்த வாரம் பிணம் கிடையாது. பிணம் மாதிரி தோற்றம் தந்த ஒருவர் வருவார். அவரும் பிழைத்துக்கொண்டார். தைரியமாக இட்லி சாப்பிடுங்கள்.

ஒன்பது மணி

அப்போது நான் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் சில வாரங்கள் வார்டில் வேலை பார்த்துக் கற்றுக்கொள்ள மாணவர்களுக்கு ஒரு வழி உண்டு என்று கல்லூரியில் யாரோ சொன்னார்கள். அம்பத்தூரில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து, பார்க்கிற முகவரிக்கெல்லாம் கடிதம் அடித்து அனுப்பினேன். பெரும்பாலானவர்கள் பதிலே போடவில்லை. சிலர் மிக அழகான காகிதத்தில் வருத்தம் தெரிவித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன ஊர் மருத்துவமனை மட்டும் "வா" என்றது. எட்டு வாரம், பொது மருத்துவ வார்டு. விமானச் செலவை ஒரு அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது.

கடிதத்தின் கூடவே ஒரு பட்டியல். வெள்ளைக் கோட்டு இரண்டு, சொந்த ஸ்டெதஸ்கோப், நல்ல ஷூ, மார்பு எக்ஸ்ரே, மூன்று தவணை தடுப்பூசி. கடைசியில் ஒரு வரி: குறிப்பிட்ட திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வார்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த மாணவருக்குப் போய்விடும். அந்த ஒன்பது மணி அன்றிலிருந்து என் தூக்கத்தைக் கெடுத்தது.

விஷயம் தெரிந்ததும் குவார்ட்டர்ஸே கிளம்பத் தயாரானது. தொழிற்சாலைக் குடியிருப்பு என்பதால் அங்கே தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாவும் இருந்தது. ஆளுக்கு ஒரு யோசனை. காஷ்மீரில் இருந்து ஓய்வு பெற்று வந்த ஹவில்தார் தன் கம்பளிக் கோட்டைக் கொடுத்தார். அதைத் தூக்கவே இரண்டு கை வேண்டும். பத்தடி தூரத்துக்கு அந்துருண்டை வாசனை.

தடுப்பூசியின் மூன்றாவது தவணையைக் குளிரில் வைக்க வேண்டும். பிளாக்கில் ஃப்ரிட்ஜ் இருந்தது எதிர்வீட்டுத் தெய்வானை அக்கா வீட்டில் மட்டும்தான். தெய்வானை அக்கா மாங்காட்டுக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அங்கே கழனி வேலை செய்தவர்கள். கணவர் தொழிற்சாலையில் பெயிண்ட் ஷாப். அக்காவின் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. என் மருந்துக் குப்பி தோசை மாவுக்கும் நெத்திலிக் கருவாட்டுக்கும் நடுவில் ஒரு மாதம் இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டுவார்.

"தோ பாரு, நம்ம மல்லிகா சீமைக்குப் போறதுக்குக் குத்திக்கிற மருந்து. கைய வெக்காதே. மாவு மேலயே கண்ணு வெச்சுகினு கீறேன் நானு, இது மேல வெக்க மாட்டனா?"

ஆங்கிலத்தில் நோயாளியை விசாரித்துப் பழக வேண்டும் என்று அப்பாவை நோயாளியாக உட்கார வைத்தேன். "எத்தனை நாளாக வலிக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அப்பா யோசித்தார். "பதிவு இல்லாம தேதி சொல்ல முடியாது" என்றார். வலி எப்படிப்பட்டது என்று கேட்டேன். "எந்த மாதிரி வலின்னு சொல்றதுக்கு முன்னாடி, எந்தக் கருவியில அளந்தாங்கன்னு தெரியணும்" என்றார். அத்தோடு அந்தப் பயிற்சி முடிந்தது.

அப்பாவின் தாள்

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் கடைசிப் பரிசோதனைப் பிரிவில் சார்ஜ்மேன். செய்து முடித்த வண்டியை அங்கே அப்படியே வெளியே அனுப்பிவிட மாட்டார்கள். மேட்டில் ஏற்றி, பள்ளத்தில் இறக்கி, சேற்றில் விட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். அதுதான் வெள்ளோட்டம். ஓட்டத்தில் தெரிகிற குறைகளை அப்பா ஒரு தாளில் எழுதுவார். அளவுக்கு மேல் குறை இருந்தால் வண்டி ஷாப்புக்குத் திரும்பும்.

சில சமயம் குறை இருக்கும், ஆனால் அதனால் பாதகம் இல்லை என்று தோன்றும். அப்போது குறையை எழுதி, "இருந்தாலும் போகலாம்" என்று கையெழுத்துப் போட்டு விடுவார்கள். அதற்கு டீவியேஷன் என்று பெயர். அந்தக் கையெழுத்துப் போட அப்பாவுக்குப் பிடிக்காது. போட்ட அன்று வீட்டில் சாப்பிட மாட்டார்.

கடைசியில் அந்தத் தாளைப் பொருளோடு வைத்துப் பெட்டியை மூடிவிடுவார்கள். யார் கையிலும் கொடுக்கக் கூடாது. போய்ச் சேருகிற இடத்தில் பெட்டியைத் திறப்பவர் எடுத்துப் படிக்க வேண்டும். இது அப்பாவின் முப்பது வருட வழக்கம். தாளில் குத்த அவருக்கென்று எண் போட்ட ஒரு வட்ட முத்திரை உண்டு. அது ஆலையை விட்டு வெளியே வரக் கூடாது. அப்பா அங்கே எழுதும் பென்சிலைக்கூட கேட்டில் வைத்துவிட்டு, வீட்டில் எழுத வேறு பென்சில் வைத்திருந்தவர்.

வீட்டுக்கு வந்த மிக்ஸிக்கும் தாள் போட்டார். எனக்கும் போடுவார் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"அவ்வளவு தூரம் போறதை ஓட்டிப் பார்க்காம எப்படி அனுப்புறது?" என்றார் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே.

"நான் என்ன வண்டியா?"

"பேச்சுக்குச் சொன்னேன். நெசமாவே போற மாதிரி வீட்ல இருந்து மீனம்பாக்கம் வரைக்கும் போவோம். அதே பெட்டி, அதே கோட்டு, அதே வேன். மூணு குறை வரைக்கும் விடுவேன். நாலாவது வந்தா நீ போகல."

"ஸ்காட்லாந்துக்கா?"

"ஆமா."

எனக்கு வந்த கோபத்தில் ரசத்தைத் தட்டிலிருந்து வழிய விட்டேன். இத்தனை வருடம் படித்து, இத்தனை கடிதம் எழுதி, கடைசியில் ஒரு டாங்கிப் பரிசோதகரிடம் தேற வேண்டுமா? அம்மா ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அம்மா, "கோட்டு போட்டுக்கிட்டா மோர் சாப்பிடணும், சூடு" என்றாள்.

திருமழிசை எஸ்டேட்டில் லோடு அடிக்கும் கஜேந்திரனிடம் அப்பா வேன் பேசினார். அவன் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான்.

"சார், பாப்பாவ ஏத்திகினு ஏர்போர்ட் போவணும். அப்பால அதே பாப்பாவ ஏத்திகினு வரணும். அதானே? ப்ளேன்ல யாரும் ஏறல. யாரும் எறங்கல."

"ஆமா."

"சரி சார். நான் இன்னா வேணா லோடு அடிச்சிகீறேன். இது மாதிரி அடிச்சதில்ல."

மாலை வந்த விதம்

வெள்ளோட்டத்தன்று காலை அம்மா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு இறங்கினாள். தெய்வானை அக்கா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, எலுமிச்சம்பழம்? இன்னிக்கா கெளம்புது பொண்ணு?"

அம்மா ஒரு நொடி யோசித்திருக்கிறாள். "இல்லை, சும்மா போய்ப் பார்த்துட்டு வரோம்" என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்து இன்னொன்று வரும். மாலைக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சிரிக்கும். எனவே அம்மா, "ஆமா" என்றாள்.

குடம் நிரம்பவில்லை, குழாயை அப்படியே விட்டுவிட்டு ஓடினார் தெய்வானை அக்கா. கால் மணி நேரத்தில் மாலை வந்துவிட்டது. ஆரத்தி வந்துவிட்டது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஹவில்தார் எனக்கு சல்யூட் அடித்தார். யாரோ ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து, அங்கே எல்லாம் கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டுத் தூங்கச் சொன்னார். ஏன் என்று கேட்க நேரமில்லை.

அப்பா என்னிடம் தாழ்ந்த குரலில், "மாலை எடை தாள்ல இல்ல" என்றார்.

பெட்டியை வேனில் ஏற்றும்போது அத்தனை பேர் முன்னாலும் கைப்பிடி கழன்று வந்தது. உள்ளே இருந்த பருப்புப் பொடியும் ஊறுகாயும் அவ்வளவு கனம். அப்பா பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். குறை ஒன்று.

மீனம்பாக்கம் வரை

பூந்தமல்லி தாண்டி மாங்காட்டுக் கோயில் பக்கம் வந்ததும் அப்பா, "பாஸ்போர்ட் காட்டு" என்றார். பையைத் துழாவினேன். இல்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாஸ்போர்ட் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால், குங்குமம் வைத்து, ஒரு வாழைப்பழத்தின் கீழே இருந்தது. நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று காலையில்தான் வைத்தாளாம்.

"திரும்பிப் போய் எடுத்துனு வந்துரலாமா சார்?" என்றான் கஜேந்திரன்.

"நெசமா போறப்ப திரும்ப நேரம் இருக்காது. ஓட்டு" என்றார் அப்பா. குறை இரண்டு.

குன்றத்தூர் வருவதற்குள் எனக்குத் தலை சுற்றியது. கோட்டைக் கழற்றக் கூடாது. அசலில் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும். வேனுக்குள் அந்துருண்டையும் டீசலும் சாமந்தியும் சேர்ந்து ஒரு வாசனை. சாலையோரம் நிறுத்தச் சொல்லி இறங்கி, அம்மா கொடுத்த மோரை முழுக்கக் கக்கினேன். கஜேந்திரன் சோடா வாங்கி வந்து முகத்தில் அடித்தான். "சார், வெள்ளக்காரன் ஊர்லதான் குளுரு. இங்க இன்னாத்துக்கு சார் இந்தக் கொடும?" என்று கேட்டான். அப்பா காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எழுதினார். குறை மூன்று.

இனி ஒன்றுகூட ஆகாது.

மீனம்பாக்கத்தில் வேனை விட்டு இறங்கினோம். கடைசிச் சோதனை சுலபமானது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையக் கதவு வரை தனியாக நடக்க வேண்டும். உள்ளே போகக் கூடாது. கதவைத் தொடாமல் நின்றுவிட்டுத் திரும்பி வந்தால் போதும்.

கைப்பிடி போன பெட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். கதவுக்குப் பத்தடி இருக்கும். திடீரென்று எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை நேரம் முதுகுக்குப் பின்னால் பென்சில் சத்தமாவது கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். மூன்று பேரும் விட்ட இடத்திலேயே நின்றிருந்தார்கள். கஜேந்திரன் கையை ஆட்டினான்.

அப்பா குனிந்து எழுதினார்.

நான் ஓடி வந்தேன். "எதுக்குப்பா எழுதினீங்க? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"திரும்பிப் பார்த்த. எதுக்கு?"

"நீங்க இருக்கீங்களான்னு பார்த்தேன்."

"நான் எங்க போயிடுவேன்?" என்றார். பென்சில் கொஞ்ச நேரம் தாளின் மேல் நின்றது. பிறகு எழுதி முடித்துக் கிளிப்பைப் போட்டார். "தனியா போற பொண்ணு திரும்பித் திரும்பிப் பார்த்தா முன்னால இருக்கறது எப்படித் தெரியும்? நாலு ஆச்சு. வண்டியில ஏறு."

திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். இந்த முறை கோட்டைக் கழற்ற யாரும் தடை சொல்லவில்லை.

ஸ்காட்லாந்து அறை

மாலை போட்டு, ஆரத்தி எடுத்து அனுப்பிய பெண் மத்தியானம் இரண்டு மணிக்கு எப்படி வீட்டுக்குத் திரும்பி வருவாள்? அம்மாவுக்கு இதுதான் பெரிய பிரச்சினை. ஆலைச் சங்கு ஊதி, சாப்பிட்டவர்கள் கண் அயரும் நேரம் வரை பட்டாபிராம் பக்கம் ஒரு புளிய மரத்தடியில் வேனை நிறுத்திக் காத்திருந்தோம். பிறகு வேனைப் பின்வாசலில் நிறுத்தி, என் மேல் கோட்டைப் போர்த்தி, கஜேந்திரனும் அம்மாவும் என்னை ஒரு மூட்டை போல உள்ளே தள்ளினார்கள்.

அன்று முதல் நான் ஸ்காட்லாந்தில் இருந்தேன், எங்கள் வீட்டு உள்ளறையில். இருமக் கூடாது. ஜன்னல் பக்கம் போகக் கூடாது. தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். வெளியே பெண்கள் வந்து அம்மாவை விசாரித்தார்கள். "போய்ச் சேர்ந்துட்டாளாமா? சாப்பாடு ஒத்துக்குதாமா?" அம்மா, "ஒத்துக்குதாம்" என்பாள். உள்ளே நான் அம்மா செய்த வெண்டைக்காய்க் குழம்பைச் சத்தம் வராமல் பிசைந்துகொண்டிருப்பேன்.

அசல் பயணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அப்பா தாளைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். கத்திச் சண்டை போடக்கூட முடியாத நிலைமை. சத்தம் வெளியே கேட்டுவிடும்.

தாவாங்கட்டை

நாலாம் நாள் மத்தியானம். தெய்வானை அக்கா அம்மாவுக்குத் துணையாகப் பேசிக்கொண்டிருக்க வந்தார். நான் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஊடே வெறிச்சுனு கீதுக்கா. அந்தப் பொண்ணு இருந்தா ஒரு சத்தம் கித்தம் கேக்கும். இப்ப பாரு, பல்லி கூட கத்த மாட்டேங்குது. நீ மனசு வுடாதே. எட்டு வாரம் இன்னா, கண்ண மூடித் தொறந்தா..."

பேசிக்கொண்டே ஒரு கொட்டாவி விட்டார். சாதாரணக் கொட்டாவி இல்லை. சோறு தின்ற களைப்பும் வெயிலும் சேர்ந்த, குவார்ட்டர்ஸே உள்ளே போய்விடும் அளவுக்குக் கொட்டாவி. அதோடு பேச்சு நின்றது.

தெய்வானை அக்காவின் பேச்சு பாதியில் நின்று நான் கேட்டதே இல்லை. கதவிடுக்கில் பார்த்தேன். வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. மூட முடியவில்லை. கண்கள் உருண்டன. "ஆ... ஆ..." என்று மட்டும் சத்தம். எச்சில் ஒழுகியது. அம்மா, "அய்யோ, மாரடைப்பு! மாரடைப்பு!" என்று கத்த ஆரம்பித்தாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. மாரடைப்பு இல்லை. கீழ்த்தாடை குழியை விட்டு முன்னால் நழுவியிருக்கிறது. காஷுவால்ட்டியில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறை கையும் வைத்திருக்கிறேன். தயங்கினால் தசை இறுகும், அக்காவுக்கு வலி கூடும். வெளியே போனால் நான் ஸ்காட்லாந்தில் இல்லை என்பது தெரிந்துவிடும்.

கதவைத் திறந்துகொண்டு வந்தேன்.

நாலு நாளைக்கு முன் தன் கையால் திருஷ்டி கழித்து அனுப்பிய பெண், கலைந்த தலையோடு உள்ளறையிலிருந்து வந்தால் யாரும் அலறுவார்கள். தெய்வானை அக்காவால் அதுவும் முடியவில்லை. வாய் ஏற்கெனவே முழுக்கத் திறந்திருந்தது. நகர்ந்து நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். அது எனக்கு வசதியாகப் போயிற்று; தலைக்குப் பின்னால் சுவர் வேண்டும்.

"அக்கா, நான்தான், மல்லிகா. பேய் இல்ல. தாவாங்கட்டை நழுவிடுச்சு, அவ்ளோதான். நான் சரி பண்றேன். மூச்சை மெதுவா விடுங்க."

அவரைத் தாழ்வாக மணையில் உட்காரவைத்தேன். கட்டை விரல்கள் இரண்டிலும் அப்பாவின் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டேன். தாடை சரியாகும் வேகத்தில் பல் விரலைக் கடித்துவிடும். பின் பற்களின் மேல் விரல்களை வைத்து முதலில் கீழே அழுத்தி, பிறகு பின்னால் தள்ளினேன். வரவில்லை. அவர் கண்ணில் நீர் கொட்டியது. இன்னொரு முறை, நிதானமாக, கீழே, கீழே, பின்னால். டொக் என்று ஒரு சத்தம். வாய் மூடிக்கொண்டது.

தெய்வானை அக்கா தாடையைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சீமைல கீற பொண்ணு, இங்க இன்னாமே பண்ணிகினு கீற?"

அப்போதுதான் வாசலில் அப்பா நிற்பதைக் கவனித்தேன். சாப்பாட்டுக்கு வந்தவர், சைக்கிள் சாவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

நான் வைத்தியத்தை முடித்தேன். தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலை வரை ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினேன். "ஒரு வாரம் கஞ்சிதான். கொட்டாவி வந்தா தாடையைக் கையால பிடிச்சுக்கணும். நாளைக்கு ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடுங்க. முக்கியமா, வாயைத் திறந்து பேசவே கூடாது."

இதைவிடப் பொருத்தமான மருத்துவ ஆலோசனையை என் வாழ்நாளில் நான் யாருக்கும் சொன்னதில்லை. என் ரகசியம் அந்தத் துணிக்குள் பத்திரமாக இருந்தது. நம் ஊரில் யாருக்குத் தாடையில் அப்படித் துணி கட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த அவர் கணவர், கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்துவிட்டு வாசலில் வந்து விழுந்து அழுதார். தெருவே கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெய்வானை அக்காவே எழுந்து வந்து அவர் முதுகில் ஒன்று போட்ட பிறகுதான் அழுகை அடங்கியது.

இருந்தாலும் போகலாம்

தெய்வானை அக்கா கிளம்பிய பிறகு அப்பா என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"கை நடுங்கலையே?"

"உள்ளுக்குள்ள நடுங்கிச்சு."

"வெளில தெரியல" என்றார். பிறகு, "நாலு குறை நாலு குறைதான். ஆனா டீவியேஷன்ல விடறேன். பெட்டிக்குக் கைப்பிடி மாத்தணும்" என்றார்.

அன்று அவர் சாப்பிட்டார். இரண்டாவது முறை சாதம் போட்டுக்கொண்டார்.

அசல் பயணத்தன்று வேன் பின்வாசலில் வந்து நின்றது. பகல் விமானத்தில் பம்பாய் போய், அங்கிருந்து மாற வேண்டும். ஆண்கள் எல்லாம் ஆலையில். மாலை இல்லை, ஆரத்தி இல்லை, சல்யூட் இல்லை. ஏற்கெனவே ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டவளை யார் வழியனுப்புவார்கள்? தெய்வானை அக்கா மட்டும் சமையலறைப் பக்கமாக வந்தார். தாடையில் கட்டு. ஒரு வார்த்தை பேசவில்லை. என் தலையில் கை வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தை என் உள்ளங்கையில் அழுத்திவிட்டுப் போனார்.

அப்பா காலையில் தானே பெட்டியை அடுக்கிக் கட்டியிருந்தார். பாஸ்போர்ட் என் கையில். கோட்டு கையில் மடித்து. குன்றத்தூரில் வாந்தி இல்லை. மீனம்பாக்கத்தில் அம்மா அழுதாள். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் நடந்தேன். புதுக் கைப்பிடி நன்றாகப் பிடித்தது. கதவுக்குப் பத்தடி. கழுத்து தானாகத் திரும்பத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நாலாவது குறையை இன்னொரு முறை எழுத விடுவதாக இல்லை. நேராக, ஒரு டாங்கியைப் போல, திரும்பாமல் உள்ளே போனேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெட்டிக்குள்

அந்த ஊர் போய்ச் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மழை தூறிக்கொண்டிருந்தது. மருத்துவமனை விடுதியில் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். மறுநாள் ஒன்பது மணிக்கு வெள்ளைக் கோட்டு வேண்டுமே என்று பெட்டியைத் திறந்தேன். பருப்புப் பொடிப் பொட்டலங்களுக்கு மேலே, மடிக்காமல், அப்பாவின் தாள்.

குறை ஒன்று, கைப்பிடி: திருத்தப்பட்டது. குறை இரண்டு, பாஸ்போர்ட்: திருத்தப்பட்டது, இனி சாமியிடம் கொடுக்கப்பட மாட்டாது. குறை மூன்று, கோட்டு: குளிர் வந்த பிறகு அணியவும்.

நான்காவது வரியில் "திரும்பிப் பார்த்தது" என்று எழுதி, அதை அடிமட்டம் வைத்து நேர்கோடாக அடித்திருந்தார். பக்கத்தில் எழுதியிருந்தது: "இது குறை அல்ல. பரிசோதகர் தவறாகப் பதிவு செய்துவிட்டார். அசல் ஓட்டத்திலும் கதவருகில் ஒரு முறை திரும்பிப் பார்க்கவும்."

கீழே கையெழுத்து. தேதி, நான் கிளம்பிய நாள்.

முப்பது வருட வழக்கப்படி, தாளைப் பொருளோடு வைத்துப் பெட்டியைப் பூட்டியிருக்கிறார். அதே வேனில், மீனம்பாக்கம் வரை என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். வாயால் சொல்லியிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுதேன். அந்த அறையில் நின்ற இடத்திலேயே கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கொக்கியில் ஹவில்தாரின் கோட்டு தொங்கியது.

உடனே உட்கார்ந்து ஒரு விமானத் தபால் எழுதினேன். "குறை ஒன்று: அசல் ஓட்டத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. காரணம்: தாள் பெட்டிக்குள் இருந்தது." வேறு எதுவும் எழுத வரவில்லை. மறுநாள் காலை எட்டே முக்காலுக்கே வார்டில் போய் நின்றேன்.

மூன்று வாரம் கழித்து பதில் வந்தது. முக்கால் பக்கம் அம்மாவின் எழுத்து. தெய்வானை அக்கா கட்டை அவிழ்த்துவிட்டாளாம், விட்ட பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுகிறாளாம், ஆனால் என்னைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லையாம். அன்று நான் உள்ளே போன பிறகு அப்பா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாராம். விமானம் போய்விட்டது சார் என்று கஜேந்திரன் வந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நகர்ந்தாராம்.

அடியில் அப்பாவின் ஒரே வரி: "குறை பரிசோதகருடையது. தாளைக் கையில் கொடுத்திருக்க வேண்டும்."

அதன் கீழே, கையெழுத்துக்குப் பக்கத்தில், ஊதா மையில், ஆலையை விட்டு வெளியே வரவே கூடாத அந்த வட்ட முத்திரை.